பேட்டரிக் கருவிக்கு எந்த ரெகுலேட்டர்? எல்.டி.ஓ., பக், பக்-பூஸ்ட், பி.எம்.ஐ.சி.: ஓர் ஒப்பீடு

ஒற்றை லித்தியம்-அயனி செல் முழுதாக மின்னேறியதும் 4.2 வோல்ட் தருகிறது. பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்துகொண்டே வந்து 3 வோல்ட்டை நெருங்கும்போது கருவி தானாக அணைந்துவிட வேண்டும். அந்தச் செல்லை நம்பி இயங்கும் சில்லுகளுக்கோ இந்த ஏற்ற இறக்கம் சிறிதும் தெரியக் கூடாது. செயலியின் உட்கருவுக்கு 0.8 வோல்ட் அளவிலும், உணரிகளுக்கு 1.8 வோல்ட்டும், வைஃபை தொகுதிக்கு 3.3 வோல்ட்டும் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நிலையாக மின்னழுத்தம் கிடைத்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்வது ரெகுலேட்டர். வடிவமைப்பவர் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: எல்.டி.ஓ. எனப்படும் நேரியல் ரெகுலேட்டர், மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், குறைக்கவும் கூட்டவும் வல்ல பக்-பூஸ்ட், இவை பலவற்றையும் ஒரே சில்லில் அடக்கிய பி.எம்.ஐ.சி.

இவற்றுள் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு, சில்லின் விவரத் தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பயனுறுதிறன் (உள்ளே வரும் மின்சாரத்தில் வெளியே கிடைக்கும் பங்கு) எண்ணை வைத்து விடை சொல்பவர்கள் பலர். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அந்த எண் ஏதோ ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தில் மட்டுமே உண்மையாக இருக்கும். ஒரு மின்வழி, அதாவது ஒரே மின்னழுத்தத்தில் மின்சாரம் செல்லும் பாதை, நாள் முழுவதும் எவ்வளவு நேரம் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் ஒப்பிடுவதற்கே பொருள் உண்டு.

எல்.டி.ஓ.வில் இருந்து தொடங்குவோம். உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கும் வெளியே செல்லும் மின்னழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு டிரான்சிஸ்டர் தன்மேல் ஏற்றுக்கொண்டு வெப்பமாக வெளியேற்றுகிறது. உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே செல்லும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பயனுறுதிறனைக் கணக்கிட மின்னழுத்தங்களின் விகிதமே போதும். 3.7 வோல்ட்டில் இருந்து 3.3 வோல்ட் எடுத்தால் 89 சதவீதம், 1.8 வோல்ட் எடுத்தால் 49 சதவீதம், 0.8 வோல்ட் எடுத்தால் வெறும் 22 சதவீதம். செயலியின் உட்கரு 0.8 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும் இடத்தில் எல்.டி.ஓ.வை வைத்தால், 2.4 வாட் வேலைக்காக 8.7 வாட் வெப்பம் வீணாகும். அங்கே விவாதத்துக்கே இடமில்லை. 1.8 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் என்றாலும், வீணாகும் 0.57 வாட் பார்வைக்குச் சிறியதாகத் தோன்றுமே தவிர, வாட்டுக்கு 200 டிகிரி அளவில் சூடேறும் சிறிய எஸ்.ஓ.டி.-23 உறையில் அது 110 டிகிரிக்கு மேல் வெப்பநிலையை உயர்த்திவிடும்.

ஆனால் எல்.டி.ஓ.வுக்கு இண்டக்டர் எனப்படும் கம்பிச்சுருள் தேவையில்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு கெபாசிட்டர் போதும். அது ஸ்விட்ச்சிங் இரைச்சல் எதையும் உண்டாக்குவதில்லை. பலகையில் பிடிக்கும் இடமும் மிகக் குறைவு. பத்து மில்லி ஆம்பியர்கூட இழுக்காத ஒரு மின்வழிக்கு இந்த எளிமையை விட்டுக்கொடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

எல்.டி.ஓ.வைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் டிராப்அவுட் மின்னழுத்தம், அதாவது உள்ளீடு வெளியீட்டைவிடக் குறைந்தது எவ்வளவு உயரத்தில் இருந்தால் ரெகுலேட்டர் தன் பிடியை விடாமல் இருக்கும் என்பது. இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். பரிசோதனைக்காகச் செய்த ஒரு பலகையில் 3.3 வோல்ட் வைஃபை தொகுதிக்கு 1117 வகை ரெகுலேட்டரைப் போட்டிருந்தேன். யு.எஸ்.பி. கேபிளில் 5 வோல்ட் கொடுத்தபோது எல்லாம் சீராக இயங்கியது. பேட்டரியில் மாட்டியதும், வைஃபை இணைப்பைத் தேடத் தொடங்கும் அதே நொடியில் பலகை மீண்டும் மீண்டும் முதலில் இருந்து தொடங்கிக்கொண்டே இருந்தது. நிரலில் பிழை தேடி இரண்டு நாள் போனது. பிறகு மல்டிமீட்டரை வெளியீட்டு முனையில் வைத்தபோது, செல்லில் 3.9 வோல்ட் இருக்கும் நிலையிலேயே வெளியீடு 2.8 வோல்ட் என்று காட்டியது. அந்த வகை ரெகுலேட்டரின் டிராப்அவுட் 1 வோல்ட்டுக்கு மேல். தொகுதிக்கோ குறைந்தது 3.0 வோல்ட் தேவை. கூடவே இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன்: அந்த ரெகுலேட்டர் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளவே ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. 1000 மில்லி ஆம்பியர்-மணி செல்லை, வேறு எந்த வேலையும் நடக்காமல், 200 மணி நேரத்தில் அது தீர்த்துவிடும். குறை என் தேர்வில்தான் இருந்ததே தவிர ரெகுலேட்டரில் இல்லை, ஏனெனில் அது 5 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளீட்டில் வேலை செய்வதற்கென்றே உருவானது. பேட்டரிக் கருவிக்கு 150 முதல் 250 மில்லி வோல்ட் டிராப்அவுட்டும், ஓரிரு மைக்ரோ ஆம்பியர் ஓய்வு மின்னோட்டமும் (ரெகுலேட்டர் தனக்கென எடுத்துக்கொள்வது) உள்ள, சிமாஸ் வகை டிரான்சிஸ்டர்களால் ஆன எல்.டி.ஓ.தான் பொருந்தும்.

பக் கன்வெர்ட்டர் வேறு விதமாக வேலை செய்கிறது. வேறுபாட்டை வெப்பமாக்காமல், ஸ்விட்ச்சை வேகமாகத் திறந்து மூடி, இண்டக்டரில் ஆற்றலைச் சேமித்துச் சேமித்து வெளியே விடுகிறது. 3.7 வோல்ட்டில் இருந்து 1.8 வோல்ட் எடுக்க ஸ்விட்ச் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ பாதி நேரம் மூடியிருந்தால் போதும். உள்ளே இழுக்கும் மின்னோட்டம் வெளியே கொடுப்பதைவிடக் குறைவு என்பதே இதன் முழுப் பயன். கையடக்கக் கருவிகளில் இப்போது பரவலாக இருக்கும் 1 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், 0.47 முதல் 2.2 மைக்ரோ ஹென்றி வரையிலான இண்டக்டர் போதுமானதாக இருப்பதால், 2 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு துண்டாகவே அது கிடைக்கிறது.

இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியவை மூன்று. முதலாவது சிற்றலை, அதாவது வெளியீடு இடைவிடாமல் சற்றே ஏறி இறங்குவது. 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டரோடு மேற்சொன்ன 1.8 வோல்ட்டை உண்டாக்கினால், இண்டக்டரின் வழியே மின்னோட்டம் 0.3 ஆம்பியர் அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமன்படுத்த வேண்டியது வெளியீட்டுக் கெபாசிட்டர். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 10 மைக்ரோ ஃபாரட் என்று எழுதிய, 0402 எனப்படும் மிகச் சிறிய அளவுள்ள, 6.3 வோல்ட் செராமிக் கெபாசிட்டர், அதன்மேல் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறியதும் தன் கொள்திறனில் பாதியையோ அதற்கு மேலுமோ இழந்துவிடுகிறது. ஆகவே உறையில் எழுதிய எண்ணை நம்பாமல், இயங்கும் மின்னழுத்தத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது, பலகையில் தடங்களைப் போடும் முறை. உள்ளீட்டுக் கெபாசிட்டர், ஸ்விட்ச், கிரவுண்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த வளையத்தில் மின்னோட்டம் நானோ செகண்டுகளில் தோன்றி மறைகிறது. அந்த வளையம் பெரிதாக இருந்தால் அதுவே ஆன்டெனாவாகி, பக்கத்தில் இருக்கும் ரேடியோவின் காதை அடைத்துவிடும். உள்ளீட்டுக் கெபாசிட்டரைச் சில்லின் கால்களை ஒட்டியே வைப்பதைவிட முக்கியமான விதி பக் வடிவமைப்பில் வேறில்லை.

மூன்றாவது, சுமை, அதாவது வெளியே இழுக்கப்படும் மின்னோட்டம், மிகக் குறைவாக இருக்கும்போது நடப்பது. ஸ்விட்ச்சை இயக்குவதற்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் ஆகும் மின்சாரம், அப்போது வெளியே கொடுக்கும் மின்சாரத்தைவிட அதிகமாகிவிடுகிறது. இதைத் தணிக்கவே பி.எஃப்.எம். எனப்படும் முறை வந்தது. அதில் கன்வெர்ட்டர் தொடர்ந்து ஸ்விட்ச் செய்யாமல், வெளியீடு சற்றுத் தாழும்போது மட்டும் ஒரு துடிப்பு கொடுத்துவிட்டு உறங்கிவிடும். மின்சாரம் மிச்சமாகும்; சிற்றலை மட்டும் கூடி, அதன் அதிர்வெண்ணும் சுமைக்கு ஏற்ப அலைந்துகொண்டிருக்கும்.

இந்த மூன்றாவது விஷயம்தான் தேர்வையே தலைகீழாக்கக் கூடியது என்பதால், ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1.8 வோல்ட்டில் இயங்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், விழித்திருக்கும்போது 10 மில்லி ஆம்பியரும் உறக்க நிலையில் 5 மைக்ரோ ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல் 3.7 வோல்ட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் 1 மைக்ரோ ஆம்பியர் ஓய்வு மின்னோட்டம் உள்ள எல்.டி.ஓ.; மறுபக்கம் விழிப்பில் 90 சதவீதப் பயனுறுதிறனும் 25 மைக்ரோ ஆம்பியர் ஓய்வு மின்னோட்டமும் உள்ள சாதாரண பக். நாளொன்றுக்குக் கருவி மொத்தம் 10 நிமிடம் விழித்திருந்தால், எல்.டி.ஓ. வழியாகச் செல்லில் இருந்து 1.81 மில்லி ஆம்பியர்-மணியும் பக் வழியாக 1.57 மில்லி ஆம்பியர்-மணியும் செலவாகும். பக் வெல்கிறது. அதே கருவி நாளுக்கு ஒரு நிமிடம் மட்டுமே விழிக்கும் என்றால், எல்.டி.ஓ.வின் செலவு 0.31 ஆகவும் பக்கின் செலவு 0.76 ஆகவும் இருக்கும். 49 சதவீதப் பயனுறுதிறன் என்று ஒதுக்கிய எல்.டி.ஓ., 90 சதவீதம் என்று மெச்சிய பக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் சிக்கனமாகிவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் நாளுக்கு ஏறத்தாழ 7 நிமிடம். பயன்பாட்டு நேரத்தை முதலில் எழுதி வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்த இக்கட்டில் இருந்து தப்பிக்க ஒரு வழியும் இருக்கிறது. டி.பி.எஸ்.62740 போன்ற சில பக் கன்வெர்ட்டர்கள் 360 நானோ ஆம்பியர் ஓய்வு மின்னோட்டத்திலேயே வெளியீட்டைப் பிடித்துவைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. அவ்வகைச் சில்லைப் பயன்படுத்தினால், மேற்கண்ட கணக்கில் 10 நிமிடத்துக்கு 0.98 ஆகவும் ஒரு நிமிடத்துக்கு 0.17 ஆகவும் செலவு இறங்கிவிடும். விலையும் இண்டக்டருக்கான இடமும் ஒத்துவந்தால், உடலில் அணியும் கருவிகளுக்கு என் முதல் தேர்வு இதுவே.

அடுத்தது 3.3 வோல்ட். ஒற்றைச் செல் கருவியில் இதைவிடச் சங்கடமான மின்னழுத்தம் இல்லை, ஏனெனில் செல்லின் பயணம் இதற்கு மேலே தொடங்கிக் கீழே முடிகிறது. பக்-பூஸ்ட்தான் ஒரே வழி என்று உடனே முடிவெடுப்பவர்கள் உண்டு. நான்கு ஸ்விட்ச்சுகளைக் கொண்ட பக்-பூஸ்ட், உள்ளீடு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் 3.3 வோல்ட்டை விடாமல் கொடுக்கும் என்பது உண்மை, டி.பி.எஸ்.63020 போன்றவை 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் செல்லின் ஆற்றலில் பெரும்பகுதி 3.5 வோல்ட்டுக்கு மேலேயே வெளிவந்துவிடுகிறது. 150 மில்லி வோல்ட் டிராப்அவுட் உள்ள எல்.டி.ஓ. 3.45 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். அதுவரைக்கும் சராசரியாக 88 சதவீதத்தை ஒட்டிய பயனுறுதிறனைத் தரும். மென்மையாகவும் சீராகவும் மின்சாரம் எடுக்கும் சுமைக்குப் பக்-பூஸ்ட் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுப்பது சொற்பமே. பக் கன்வெர்ட்டர்களிலும், உள்ளீடு தாழ்ந்ததும் மேல் ஸ்விட்ச்சை முழுநேரமும் மூடியே வைத்திருக்கும் வகை உண்டு. ஸ்விட்ச்சும் இண்டக்டரும் சேர்ந்து 0.15 ஓம் தடை என்றால், 500 மில்லி ஆம்பியரில் இழப்பு 75 மில்லி வோல்ட் மட்டுமே.

சுமை துடிப்புத் துடிப்பாக இழுக்கும்போது கதை மாறுகிறது. ஜி.எஸ்.எம். (2ஜி கைப்பேசி முறை) ரேடியோ ஒவ்வொரு 4.615 மில்லி செகண்டிலும் 577 மைக்ரோ செகண்ட் நேரம் மட்டும், ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை, செல்லில் இருந்து நேராக இழுக்கும். செல்லின் உள்தடை, கம்பி, கனெக்டர், பாதுகாப்புச் சுற்று எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் என்றால், அந்தக் கணத்தில் 0.4 வோல்ட் சரியும். ஓய்வில் 3.6 வோல்ட் இருந்த செல் அப்போது 3.2 வோல்ட் தருகிறது. ஆனால் துடிப்பு எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே இருப்பதால், சராசரியைக் காட்டும் மல்டிமீட்டரில் 3.55 வோல்ட் என்று நல்ல எண்ணே தெரியும். ஆசிலோஸ்கோப்பின் முனையை வைத்துப் பார்த்தால்தான், திரையில் சீப்பின் பற்கள் தலைகீழாகத் தொங்குவதுபோல் அந்தச் சரிவுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பல்லின் அடியிலும், அதே செல்லில் இருந்து 3.3 வோல்ட் எடுத்துக்கொண்டிருக்கும் எல்.டி.ஓ. பிடியை விட்டுவிடுகிறது. குளிரில் செல்லின் உள்தடை கூடும்போது பற்கள் இன்னும் நீளும். கண்ட்ரோலர் ரீசெட் ஆகும். 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை வைத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். 0.2 ஓம் தடையோடு அதன் காலமாறிலி, அதாவது அதன் மின்னழுத்தம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு, 200 மைக்ரோ செகண்ட்தான். துடிப்போ அதைப்போல் மூன்று மடங்கு நீளமானது. சரிவின் விளிம்பு மழுங்கும். ஆழம் பெரிதாகக் குறையாது. இத்தகைய கருவியில் 3.3 வோல்ட் கட்டாயம் வேண்டுமென்றால் பக்-பூஸ்டுக்கு ஆகும் செலவு முழுவதும் நியாயமானதே.

ஆனாலும் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: 3.3 வோல்ட் உண்மையிலேயே வேண்டுமா? பழக்கத்தினால் மட்டுமே 3.3 வோல்ட்டில் ஓடும் சுற்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உணரிகளும் நினைவகச் சில்லுகளும் பெரும்பாலும் 1.8 முதல் 3.6 வோல்ட் வரை எதிலும் வேலை செய்யும். மின்வழியை 2.8 வோல்ட்டுக்கு இறக்கிவிட்டால், மேலே சொன்ன சரிவுகளையும் தாங்கிக்கொண்டு ஒரு சாதாரண எல்.டி.ஓ.வே ஏறத்தாழ கடைசிவரை ஓடும். இத்தகைய மாற்றத்தால் ஒரு பக்-பூஸ்ட், அதன் இண்டக்டர், இரண்டு மூன்று கெபாசிட்டர்கள் எல்லாமே பலகையில் இருந்து நீங்கிவிடுகின்றன.

கேமரா உணரி, ரேடியோவின் அலையியற்றி, ஒலிச் சுற்று ஆகியவற்றுக்குத் தூய்மையான மின்சாரம் வேண்டும். அதே வேளையில் நேராக செல்லில் இருந்து எல்.டி.ஓ. வைத்தால் வீணாவதும் அதிகம். அங்கே இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது வழக்கம்: பக் 2.0 வோல்ட் வரை இறக்கிக் கொடுக்க, எல்.டி.ஓ. அதை 1.8 வோல்ட்டாகச் செதுக்கிக் கொடுக்கிறது. 92 சதவீதமும் 90 சதவீதமும் பெருகி 83 சதவீதம் கிடைக்கும். கைப்பேசிகளின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எல்.டி.ஓ. சிற்றலையை அடக்கும் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில்தான் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸில் 60, 70 டெசிபெல் அடக்கும் அதே எல்.டி.ஓ., மெகாஹெர்ட்ஸ் வரம்பில் 20 முதல் 40 டெசிபெல்லோடு நின்றுவிடும். பி.எஃப்.எம். முறையின் தாழ்ந்த அதிர்வெண் சிற்றலையை அது நன்றாகத் துடைக்கும். 3 மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு, உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபெரைட் மணியும் சிறு கெபாசிட்டரும் துணைக்கு வேண்டும்.

தனித்தனிச் சில்லுகளா, ஒரே பி.எம்.ஐ.சி.யா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் பயனுறுதிறன் அல்ல. வரிசை முறையும் கட்டுப்பாடும்தான். பெரிய செயலிகளுக்கு உட்கரு, நினைவகம், உள்ளீடு-வெளியீடு என மின்வழிகள் குறிப்பிட்ட வரிசையில் எழவும் அடங்கவும் வேண்டும். வேலை குறைந்தபோது உட்கருவின் மின்னழுத்தத்தை மென்பொருளே இறக்கவும் வேண்டும். ஸ்விட்ச்சிங்கால் ஆகும் செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 1.0 வோல்ட்டில் இருந்து 0.8 வோல்ட்டுக்கு இறங்கினாலே ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் ஆகும் ஆற்றலில் 36 சதவீதம் மிச்சமாகிறது. எந்த ரெகுலேட்டரை மாற்றினாலும் இவ்வளவு பெரிய மிச்சம் கிடைக்காது. கைப்பேசி நிறுவனங்கள் இத்துறையை எவ்வளவு முக்கியமாகக் கருதுகின்றன என்பதற்கு ஒரு சான்று: 2018-இல் ஆப்பிள், டயலாக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் மின்மேலாண்மைத் தொழில்நுட்ப உரிமத்தையும் 300-க்கும் மேற்பட்ட பொறியாளர்களையும் பெற்றுக்கொள்ள 30 கோடி டாலர் கொடுத்ததோடு, பின்னர் வாங்கவிருந்த பொருள்களுக்கு இன்னொரு 30 கோடியை முன்பணமாகவும் கொடுத்தது.

சிறிய கருவிகளுக்கு நிலைமை வேறு. மின்வழிகள் மூன்றுக்குள் அடங்கினால் தனிச் சில்லுகளே நல்லவை என்பேன். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், வெப்பம் பலகை முழுவதும் பரவும், ஒவ்வொரு ரெகுலேட்டரையும் அதன் சுமைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். மின்வழிகள் நான்கைத் தாண்டி, சார்ஜரும் பேட்டரி அளவுமானியும் சேர்ந்து தேவைப்படும்போது, நார்டிக்கின் என்.பி.எம்.1300 போல இரண்டு பக், இரண்டு எல்.டி.ஓ., 800 மில்லி ஆம்பியர் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்ட சிறு பி.எம்.ஐ.சி.க்கள் நேரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்துகின்றன. கைப்பேசிச் செயலியோடு சேர்த்து விற்கப்படும் பெரிய பி.எம்.ஐ.சி.க்களை வேறு செயலியோடு கட்ட முயல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். அவற்றின் தொடக்க மின்னழுத்தங்களும் எழும் வரிசையும் குறிப்பிட்ட செயலிக்கென்றே உள்ளே பதியப்பட்டிருக்கும்.

எஞ்சியிருப்பது மின்னேற்றும் பக்கம். அங்கும் இதே தேர்வுதான் வேறு உருவில் வருகிறது. டி.பி.4056 போன்ற நேரியல் சார்ஜர் 5 வோல்ட்டில் இருந்து 3.7 வோல்ட் செல்லுக்கு 1 ஆம்பியர் கொடுக்கும்போது 1.3 வாட் வெப்பம் உண்டாகும்; மூடிய சிறு பெட்டிக்குள் அந்த வெப்பம் நேராகச் செல்லுக்கே போகிறது. 300, 400 மில்லி ஆம்பியர் வரை இது தாங்கும். அதற்கு மேல் பக் வகைச் சார்ஜர் வேண்டும். மிக வேகமாக மின்னேற்றும் கைப்பேசிகள், மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கும் கெபாசிட்டர் வகைச் சார்ஜ் பம்ப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் இண்டக்டர் இல்லாததால் இழப்பு மிகக் குறைவு. ஆனால் விகிதம் மாறாதது என்பதால் நுணுக்கமான கட்டுப்பாட்டைச் சுவரில் இருக்கும் அடாப்டர்தான் செய்ய வேண்டும். யு.எஸ்.பி.யின் வேக மின்னேற்ற விதிமுறையான பி.டி.யில் உள்ள பி.பி.எஸ். முறையில் அடாப்டர் தன் வெளியீட்டை 20 மில்லி வோல்ட் படிகளில் மாற்றிக் கொடுப்பது இதற்காகத்தான். அந்த முறையை அறியாத அடாப்டரைச் செருகினால் சார்ஜ் பம்ப் ஒதுங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பக் சார்ஜர் பழைய வேகத்தில் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆகவே சார்ஜ் பம்ப்பைத் தேர்ந்தெடுத்தாலும் பக் சார்ஜருக்கான இடத்தைப் பலகையில் ஒதுக்கியே ஆக வேண்டும்.